செம்போத்துக்குக் கண் சிவந்த கதை

அந்தக் காலத்தில், பறவை ஒன்று கேட்டால் மனுஷர் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போவார்களாம். அப்படியொரு நாளில், ஊருக்கு மேற்கே முள்மேட்டில், ஒரு போத்து தன் கூட்டுக்கு வைக்கோல் செருகிக்கொண்டிருந்தது. உள்ளே மூன்று குஞ்சுகள். ஒன்றுக்கும் கண் திறக்கவில்லை. அப்போது போத்துக்கு உடம்பு முழுக்கச் சாம்பல் நிறம். ரொம்பக் கூச்சம் வேறு. ஆள் அரவம் கேட்டாலே புதருக்குள் நடந்து ஒளிந்துகொள்ளும்.

அன்றைக்கு வந்தவர் உச்சிமாகாளி. அந்த ஊரில் முதல் ஏர் பூட்டுகிறவர். ஒரு கையில் தீப்பந்தம், இன்னொரு கையில் இந்த மேட்டடியில் உழும்போது ஏர்முனையில் அகப்பட்ட பழஞ்சட்டி ஓட்டுச்சில்லு. பின்னால் ஊரே வந்தது.

"நல்லாப் பாருங்க. வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு. ஒரே சட்டிக்கு ரெண்டு நிறம் மனுஷன் கையால வருமா? பேய் பொங்கித் தின்ன சட்டிவே இது. மழை பெய்யாததுக்கு இதான் காரணம். மேட்டைக் கொளுத்திருவோம்."

போத்து கூட்டைத் திரும்பிப் பார்த்தது. குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு பறக்க அதற்குத் தெம்பில்லை. கூச்சத்தைப் பார்த்தால் குஞ்சு மிஞ்சாது. மெல்ல வெளியே வந்தது.

"அண்ணாச்சி, அது பேய் செஞ்சதில்ல. கைதான் செஞ்சிருக்கு."

"நீ கூட இருந்து பாத்தியாக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். போத்து தலையைக் குனிந்துகொண்டது. ஆனாலும் ஓடவில்லை.

"பாக்கல அண்ணாச்சி. செஞ்சு பாக்கேன்."

"சரி, செய்யி. பௌர்ணமி வரைக்கும் தாரேன். ரெண்டு நிறம் வரலைன்னா தீதான்."

முதல் சட்டி காயும்போதே வெடித்தது. மண்ணில் மணல் சேர்க்கத் தெரியவில்லை. இரண்டாவதை எரு வறட்டி அடுக்கிச் சுட்டது. முழுக்கச் சிவப்பு. மூன்றாவதைப் புகையிலேயே போட்டு மூடியது. முழுக்கக் கறுப்பு. இடுப்பில் பிள்ளையோடு விறகு பொறுக்க வந்த முப்பிடாதி நின்று பார்த்தாள்.

"ஏட்டி, பேசாம வேற புதர் பாத்துப் போயேன்."

"பிள்ளைகளுக்குக் கண்ணு தொறக்கணுமே, மயினி."

முப்பிடாதி தன் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு போனாள்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் நாலாவது சட்டி. அதன் வாய் கோணிவிட்டது. ஊர் பார்த்தால் சிரிக்குமே என்று போத்துக்கு வெட்கம். கூட்டு வைக்கோலை உள்ளே திணித்து, கோணல் தெரியாமல் கவிழ்த்து வைத்து, எருவால் மூடியது. எருவோ ஈரம். தீ பிடிப்பேனா என்றது. போத்து தலையைத் தாழ்த்தி, "ஊப்... ஊப்... ஊப்..." என்று ஊதியது. புகை ஏறி உடம்பு கறுத்தது. தழல் நக்கி இறக்கை செங்கல் நிறமானது. கண் கோவைப்பழமாகச் சிவந்தது. அப்படியும் ஊதிற்று.

ஆறினபின் சட்டியை நிமிர்த்தியது. வெளியே சிவப்பு. வாயும் உள்ளும் கறுப்பு! தீயும் காற்றும் பட்ட இடம் சிவந்திருந்தது. வைக்கோல் புகை அடைந்துகிடந்த இடம் கறுத்திருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

மறுநாள் உச்சிமாகாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு போத்தைப் பார்த்தார்.

"பாத்தியளா, இதுவும் பேய்க்குக் கூட்டு. சட்டி நிறம் உடம்புலயே ஏறிட்டு!"

பந்தம் புதரை நோக்கித் தாழ்ந்தது.

"நான் செஞ்சா பேய்தான் அண்ணாச்சி," என்றது போத்து. "நீங்க செய்ங்க. நான் தொடவே மாட்டேன். பக்கத்துல நின்னு சொல்லுதேன்."

முதலில் முப்பிடாதிதான் பிள்ளையை இறக்கிவிட்டு மண்ணில் கை வைத்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. அப்புறம் நாலு பேர். கடைசியில் உச்சிமாகாளியும் பந்தத்தை மண்ணில் குத்திவிட்டு உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, இது சட்டியா, எலி வளையா?"

"சும்மா கெட முப்பிடாதி. மண்ணு சொன்னபடி கேக்க மாட்டேங்கு."

குத்தி வைத்த பந்தம் அணைந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. சட்டிகள் நிழலில் காய்ந்ததும் வைக்கோல் திணித்து, கவிழ்த்துச் சுட்டார்கள். சாம்பலைக் கிளறினால் எல்லாமே வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு. எலி வளையும்கூட!

அதன் விளிம்பில் தன் கட்டைவிரல் பதிந்திருந்ததை உச்சிமாகாளி தடவிப் பார்த்தார். என்னவோ தோன்ற, மடியிலிருந்த பழைய சில்லை எடுத்தார். அதிலும் ஒரு விரல் தடம். அவர் விரல் அதில் கொள்ளவில்லை. முப்பிடாதி தன் விரலை வைத்தாள். அச்சாக உட்கார்ந்தது.

"பொம்பளை கை," என்றாள் மெல்ல. "அவளும் இடுப்புல பிள்ளையை வச்சிக்கிட்டுத்தான் செஞ்சாளோ என்னவோ."

உச்சிமாகாளி சில்லை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். "இந்த மேட்டுல இனி யாரும் தீ வைக்கக் கூடாது," என்றார். பிறகு போத்திடம் குனிந்தார். "இதுல அவ என்ன பொங்கியிருப்பா, தாயி?"

"அதையும் பொங்கிப் பாத்தாத்தான் தெரியும் அண்ணாச்சி. மொதல்ல அடுப்பை இப்பிடி, ஊப்... ஊப்... ஊ..."

புதருக்குள் குஞ்சு கத்தியது. சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிட்டுப் போத்து ஓடியது. இலை இடுக்கில் மூன்று ஜோடிக் கண்களும் திறந்து அதைப் பார்த்தன.

அன்று தொட்டுத்தான் அதற்குச் செம்போத்து என்று பேர். எதிரே வந்தால் நல்லது நடக்கும் என்று நாமும் நின்று பார்த்துவிட்டுப் போகிறோம். அதுவும் புதருக்குள்ளிருந்து ஊப், ஊப் என்று ஊதிக்கொண்டே இருந்து, குஞ்சு கூப்பிட்டதும் பாதியில்...