வேதமணி ஆச்சியோட கண்ணாடி பாட்டில்

ஏட்டி அக்ஸா, கட்டில்ல கெடக்குற பஞ்சையெல்லாம் தட்டி விட்டுட்டுப் படு, மூக்குல ஏறிரும். டீச்சருக்குக் குடுக்க பாட்டிலுக்குள்ள கிறிஸ்மஸ் குடில் செஞ்சு தர மாட்டேன்னு சொன்னதுக்கா இவ்வளவு நேரம் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? அத்தைக்குச் செய்யத் தெரியாதுன்னு நினைச்சிக்கிட்டியா? சரி, ஒரு கதை சொல்லுதேன். கண்ண மூடு. நீ ம் கொட்டிக்கிட்டே வரணும். ம் நின்னா கதையும் நின்னுரும்.

"ம்."

ஒரு ஊர்ல, கோயில் தெருவுல, ஒரு கைவேலைக்காரி இருந்தா. கோயில்னா நம்ம மாதிரி வேதக்கோயில், சர்ச்சு. அவ கையில எது கெடச்சாலும் உருப்படியா ஆயிரும், கேட்டியா. தேங்கா சிரட்டை கெடச்சா கரண்டி, பழைய வளையல் கெடச்சா தோரணம். கிறிஸ்மஸ் வந்துட்டா போதும், அவ கால் தரையில நிக்காது. வீடு வீடா போயி, "அக்கா, காலி பாட்டில் இருக்கா? ஜாம் பாட்டில் இருக்கா? காபித்தூள் பாட்டில் இருக்கா?"ன்னு கேட்டு வாங்கிட்டு வந்துருவா. வந்து வெந்நியில ஊறப் போட்டு, சர்ரு சர்ருன்னு ஒட்டுன காயிதத்தை உரிச்சு, வெயில்ல வரிசையா கவுத்தி வப்பா. அப்புறம் வெள்ளை பெயிண்ட், செவப்பு பெயிண்ட், மேல ஜிகினா. ஒரு பாட்டில் விளக்காயிரும், ஒரு பாட்டில்ல முந்திரிக்கொத்தப் போட்டு ரிப்பன் கட்டிருவா. பாட்டிலுக்குள்ள பஞ்சத் திணிச்சுப் பனின்னு சொல்லுவா. நம்ம ஊர்ல எங்கட்டி பனி பெய்யுது? டிசம்பர்ல சேறுதான். ஆனாலும் பாத்தவுக எல்லாரும் "அடடா, அடடா"ன்னுதான் சொல்லுவாவ. அந்த அடடாக்குத்தான் அவ உயிர வச்சிருந்தா.

"ம்."

அவ வீட்டுக்குப் பக்கத்து வீட்டுல வேதமணி ஆச்சி இருந்தாவ. தனியாத்தான் இருந்தாவ. அஞ்சு கோழி, ஒரு முருங்கை மரம், அவ்வளவுதான் குடும்பம். ஒரே மகன் எட்வின் கோயமுத்தூர்ல வேலை பாத்தான். ஐப்பசி மழையில கைவேலைக்காரிக்குக் காய்ச்சல் வந்து படுத்துட்டா. வாயில எது வச்சாலும் கசப்பு. அப்போ இந்த ஆச்சி கஞ்சியும் வச்சு, ஒரு கண்ணாடி பாட்டில் நெறய நார்த்தங்காய் ஊறுகாயும் கொண்டு வந்து குடுத்தாவ. அந்த ஊறுகாயத் தொட்டுத்தான் அவ கஞ்சி குடிச்சு எந்திரிச்சா.

அந்தப் பாட்டில் கடையில கெடைக்குற பாட்டில் இல்ல பாத்துக்கோ. ஆச்சிக்குக் கல்யாணத்துல வந்தது. கனமா, லேசாப் பச்சை ஓடி, அகலமான வாயோட இருக்கும். அடியில கண்ணாடிக்குள்ளயே ஒரு காத்துக் குமிழி, புளியங்கொட்டை அளவுக்கு மாட்டிக்கிட்டு இருக்கும்.

ஊறுகாய் தீந்துச்சு. பாட்டிலக் கழுவியாச்சு. ஆனா நம்ம பக்கத்துல, ஒருத்தர் வீட்டுப் பாத்திரத்த வெறுமனே திருப்பிக் குடுப்பமா?

"குடுக்கப்படாது. சீனியாவது போட்டுக் குடுக்கணும்."

அப்படிச் சொல்லு. அவளும் அதத்தான் நினைச்சா. சும்மா சீனி போட்டா நம்ம பேரு என்ன ஆகுறது, நல்லதா முந்திரிக்கொத்து சுட்டு, நெறயப் போட்டுக் குடுப்போம்னு எடுத்து அலமாரியில வச்சா. இன்னைக்குச் சுடுவோம், நாளைக்குச் சுடுவோம்னு ஒரு மாசம் போயிட்டு. மரியாதை பண்ணணும்னு நினைச்சே மரியாதை கெட்டுப் போச்சு.

அப்புறம் டிசம்பர் வந்துச்சு. மாதர் சங்கத்துல எல்லாரும் ஆளுக்கொரு பரிசு கொண்டு வந்து, சீட்டு எடுத்து மாத்திக்கிடுவாவ. அதுக்காக அவ ஒரு குடில் செய்யணும்னு நினைச்சா. பாட்டிலுக்குள்ள மாட்டுத் தொழுவம், மரியாள், யோசேப்பு, வைக்கோல் மேல பாலன், மூடிக்குக் கீழ சின்ன சீரியல் லைட். எல்லாம் செஞ்சாச்சு. பாத்தா எந்தப் பாட்டில் வாயிலயும் தொழுவம் நுழைய மாட்டேங்குது! ஜாம் பாட்டில், ஊகூம். சத்துமாவு பாட்டில், ஊகூம். அப்போ அலமாரியில பச்சை ஓடுன பாட்டில் பளிச்சுன்னு நின்னுச்சு.

"எடுத்துட்டாளா?"

எடுத்துட்டா. ஆச்சிக்கு வேற பாட்டில் வாங்கிக் குடுத்துக்கலாம்னு மனசுக்குச் சொல்லிக்கிட்டு, தொழுவத்த உள்ள எறக்குனா. சொளுக்குன்னு எறங்குச்சு. வெளிய நட்சத்திரம் நட்சத்திரமா பெயிண்ட் அடிச்சா. அடிச்சதுக்கு அப்புறம் அத ஊறுகாய் பாட்டில்னு அவளே நம்ப மாட்டா.

மறுநாளே ஆச்சி வாசல்ல வந்து நின்னாவ. "ஏ பிள்ளே, அந்தப் பாட்டில் இருந்தா குடு, எலுமிச்சங்காய் போடணும்."

"கழுவிக் காயப் போட்டிருக்கேன் ஆச்சி."

ரெண்டு நாள் கழிச்சு வந்தாவ. "ஏ பிள்ளே, பாட்டில் காஞ்சிட்டா?"

"எங்கயோ வச்சிட்டேன் ஆச்சி, தேடுதேன்."

மூணாவது தடவ வந்தாவ. அப்போ வீட்டுல சங்கத்து ஆளுக ரெண்டு பேர் உக்காந்து, குடில் பாட்டிலக் கையில வச்சு அடடா அடடான்னு சொல்லிக்கிட்டு இருக்காவ. ஆச்சிக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல், வாசல்ல இருந்து அது என்னன்னு தெரியல. பாட்டில்னு வாயெடுத்தாவ. இவ சட்டுன்னு சிரிச்சிக்கிட்டே சொல்லுதா, "நல்லா இருக்கே ஆச்சி! போன வாரமே உங்க கையில குடுத்தேன்லா? நீங்கதான வாங்கி உள்ள கொண்டு போனீங்க? வயசாயிட்டு, மறந்துட்டீங்க!"

வந்தவுகளும் சிரிச்சாவ. ஆச்சி சிரிக்கல. "குடுத்திட்டியா? நா வாங்குனேனா?"ன்னு கேட்டாவ. அப்புறம் தலைய ஆட்டிக்கிட்டே திரும்பிப் போனாவ.

"பொய்யி!"

பொய்யிதான். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சிட்டா. ஒரு பாட்டிலுக்குத்தானன்னு அவ நினைச்சா. ஆனா ஆச்சி வீட்டுல என்ன நடந்துச்சு தெரியுமா? அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் டொக்கு டொக்குன்னு சத்தம். அலமாரியில உள்ளத எல்லாம் எறக்கிப் பாத்தாவ, ஏத்தி வச்சாவ. மறுபடி எறக்குனாவ. பாட்டில் இருந்தாத்தானே கெடைக்கும்? அப்புறம் அவுகளுக்கு அவுக மேலயே நம்பிக்கை போயிட்டு. கோயிலுக்குப் பொறப்பட்டு, பாதி வழியில, அடுப்ப அணைச்சேனான்னு திரும்பி வருவாவ. கோழிக்குத் தீனி போட்டுட்டு, போட்டேனான்னு அடுத்த வீட்டுல கேப்பாவ. ஒருநாள் போன்ல, "எட்வினு, எனக்கு மறதி வந்துட்டுதுடா. வாங்குன பொருளக்கூட வாங்கலன்னு நிக்கேன்டா"ன்னு அழுதுட்டாவ. அவன் பயந்து போயி, "கிறிஸ்மஸ் முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போயிருதேன், வீட்டப் பூட்டிருவோம்"ன்னுட்டான். ஆச்சி அஞ்சு கோழியையும் ஒண்ணு ஒண்ணா அடுத்த வீட்டுக்குக் குடுத்துட்டாவ. அந்த வீட்ட விட்டு ஒரு ராத்திரி வெளிய தங்காத மனுஷி, ஏட்டி.

"ம்... அவ சொல்லிருக்கலாம்லா?"

சொல்லிருக்கலாம். மாதர் சங்கத்துல சீட்டு எடுத்தாவ. அம்பது பொம்பளைக. கைவேலைக்காரியோட பரிசு யாருக்கு விழுந்துச்சு சொல்லு?

"ஆச்சிக்கு!"

ஆச்சிக்கேதான். சரசரன்னு காயிதத்தப் பிரிச்சாவ. லைட்டப் போட்டதும் உள்ள மாட்டுத்தொழுவம் மினுக்கு மினுக்குன்னு மின்னுது. படபடபடன்னு கைதட்டு. இவளுக்கு நெஞ்சு ஒரு பக்கம் பூரிக்குது, ஒரு பக்கம் திக்குதிக்குங்குது. ஆச்சி பாட்டில மடியில வச்சு, கனம் பாத்தாவ. அப்புறம் அடியில கையக் குடுத்து, கட்ட வெரலால மெதுவா தடவிப் பாத்தாவ. பாட்டிலத் திருப்பி, அடியில இருந்த குமிழிய லைட்டுல புடிச்சுப் பாத்தாவ. "இது என் பாட்டில்லா?"

யாரோ பின்னால, "பாவம், முத்திட்டுது போல"ன்னாவ. பாஸ்டரம்மா நல்ல மனசோட, "ஆமா ஆச்சி, இனிமே உங்க பாட்டில்தான்"ன்னு சொன்னாவ. ஆச்சி கேக்கல. நேரா கைவேலைக்காரியப் பாத்து, "ஏ பிள்ளே, நீ சொல்லு. இது என் பாட்டில்தானே?"ன்னாவ.

அம்பது பேரும் அவளப் பாக்காவ. ஒரு வார்த்தை போதும். ஆமான்னு ஒரு வார்த்தை. அவ என்ன சொன்னா தெரியுமா? "இப்போ உங்களுதுதான் ஆச்சி"ன்னா. எல்லாரும் சிரிச்சு மறுபடி கைதட்டுனாவ. ஆச்சி பாட்டில முந்தானையில தொடச்சுக்கிட்டே, "இதையும் மறந்துட்டேன் போல"ன்னாவ.

"அவ கெட்டவ."

ம். கெட்டவதான். ஏன் சொல்லலன்னு கேளு. ஆச்சி மேல இரக்கம் இல்லாம இல்ல. வெக்கம், ஏட்டி. கைதட்டுன கையெல்லாம் கீழ எறங்கிருமேன்னு வெக்கம். ஒரு கெழவிய பைத்தியமாக்குறதுக்கு அவ வெக்கப்படல, அம்பது பேர் முன்னால திருடின்னு நிக்கத்தான் வெக்கப்பட்டா.

அப்புறம் அவளுக்குச் சோறு எறங்கல. கிறிஸ்மஸ் அன்னைக்கு சொல்லிருவோம்னு முந்திரிக்கொத்து தட்டோட போனா. ஆச்சி அவ கன்னத்தத் தடவி, "உன் கையால சாப்பிட்டுட்டுப் போகத்தான் குடுத்து வச்சிருக்கு"ன்னாவ. தட்ட வச்சிட்டு ஓடியாந்துட்டா. மறுநாள் குழாயடியில ஆச்சி தனியா நின்னாவ, கொடத்த எறக்கிட்டுக் கிட்ட போனா. "தண்ணி இன்னைக்கு சன்னமா வருது ஆச்சி"ன்னு சொல்லிட்டு வந்துட்டா. மூணாவது நாள் காலையில, பாம் பாம்னு வாசல்ல கார். எட்வின் வந்துட்டான். டிரங்குப் பெட்டி ஏறுது, பாய் ஏறுது. ஆச்சி முன்சீட்டுல உக்காந்திருக்காவ, மடியில அந்தக் குடில் பாட்டில். தெருவே நின்னு வழியனுப்புது. எட்வின் வீட்டப் பூட்டிச் சாவிய பையில போட்டுட்டான். அப்போ அவ...

"ம்?"

அப்போ அவ... சரி, அவ அவன்னு யாரையோ சொல்லுத மாதிரி எதுக்குச் சொல்லிக்கிட்டு? நாந்தான்ட்டி அது. உங்க அத்தைதான். கண்ணத் தொறக்காத. தொறந்தா நா சொல்ல மாட்டேன்.

நான் கார் கதவப் புடிச்சுக்கிட்டேன். "ஆச்சி, அது உங்க பாட்டில்தான். நா திருப்பிக் குடுக்கவே இல்ல. நீங்க மறக்கல. நா பொய் சொன்னேன்"ன்னு சொன்னேன். சொன்னேனா கத்துனேனான்னு தெரியல. தெரு முழுக்கக் கேட்டுச்சு. எட்வின் என்னைப் பாத்தான். திட்டல. "ஒரு பாட்டிலுக்காகவாக்கா?"ன்னு மட்டும் கேட்டான். மண்ணப் பாத்துக்கிட்டு நின்னேன். ஆச்சி செருப்பக் கழட்டி அடிக்கப் போறாவன்னு நினைச்சேன், அடிச்சா நல்லதுன்னும் நினைச்சேன்.

ஆச்சி கேட்டாவ, "நீ குடுக்கல?"

"குடுக்கல ஆச்சி."

"நா வாங்கல?"

"வாங்கல ஆச்சி."

"அப்போ எனக்கு மறதி இல்ல?"

"இல்ல ஆச்சி."

ஆச்சி சிரிச்சாவ, அக்ஸா. பல்லில்லாத வாயத் தொறந்து, கெக்கே கெக்கேன்னு, கண்ணுல தண்ணி வர, சின்னப் பிள்ள மாதிரி சிரிச்சாவ. "ஏ, கேட்டுக்கோங்க! எனக்கு ஒண்ணும் இல்லையாம்! என் மண்டை நல்லா இருக்காம்! எட்வினு, பெட்டிய எறக்குடா!" எம்மேல கோவமே இல்ல. கோவப்படக்கூட நேரம் இல்ல, அவ்வளவு சந்தோஷம். இவ்வளவு சந்தோஷத்தையா நா அவுககிட்ட இருந்து பறிச்சு வச்சிருந்தேன்னு நினைச்சேன். அந்தச் சிரிப்ப நின்னு பாக்க முடியல. பாக்காம ஓடவும் முடியல.

"ஆச்சி... மன்னிச்சிட்டாவளா?"

மன்னிச்சிட்டாவ. அன்னைக்கே மன்னிச்சிட்டாவ. ஆனா ஒண்ணு கேளு. அப்புறம் ஆறு வருஷம் அந்த வீட்டுலயே இருந்தாவ. மூக்குக்கண்ணாடிய எங்க வச்சோம்னு தெரியலன்னாலும் சரி, ஒரு பேரு வாயில வரலன்னாலும் சரி, பயந்து போயி நேரா நம்ம வீட்டு வாசலுக்கு வந்துருவாவ. நா மாவாட்டிக்கிட்டு இருந்தாலும் சரி, வீடு நெறய விருந்தாளி இருந்தாலும் சரி. "ஏ பிள்ளே, அந்தப் பாட்டில நீ குடுக்கலதானே?"ன்னு கேப்பாவ. எல்லார் முன்னாலயும் நா எந்திரிச்சு நின்னு, "குடுக்கல ஆச்சி. நாந்தான் பொய் சொன்னேன்"ன்னு சொல்லணும். சொன்னதும் அவுக மொகம் தெளிஞ்சிரும். போயிருவாவ. அவுகளுக்கு அது மருந்து. ஆஸ்பத்திரியில கடைசியாக் கேட்டது கூட அதான். பேச்சு வரல, கையால பாட்டில் மாதிரி காமிச்சாவ. நா குனிஞ்சு காதுல சொன்னேன். இன்னைக்கும் கூப்பிட்டுக் கேட்டா சொல்லுவேன். கேக்கத்தான் ஆள் இல்ல.

அக்ஸா?

ம் வரல. சரி. கதைக்கும் கண்ணு செருகிட்டு, பிள்ளைக்கும் கண்ணு செருகிட்டு. படுத்துக்கோ தாயி, தூங்கு.