வேலைக்கு வராத தவசி

ஒரே ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தாரு. அவரு தோட்டத்துல தவசின்னு ஒருத்தன் கவலை ஓட்டுனான். கவலைன்னா, ரெண்டு மாட்டைப் பூட்டி கெணத்துலேர்ந்து தோல்சால்ல தண்ணி இழுக்குறது, தெரியுதா? விடியக்காலையில தோட்டத்தைப் பாத்துக்குற காரியக்காரர் பூவலிங்கம் கெணத்தடியில நின்னு ஒவ்வொருத்தன் பேராக் கூப்பிடுவாரு. "இருக்கேன்"னு சொல்லணும். அடிக்கடி சொல்லாதவனை ஊரைவிட்டே அனுப்பிடுவாங்க, அது அங்க வழக்கம்.

அந்தப் பூவலிங்கம் இருக்காரே, பொல்லாத ஆளு. ஊரு முழிக்கிறதுக்கு முன்னாடியே தவசியை மாட்டோட தன்னோட வாழைத்தோட்டத்துக்கு அனுப்பிடுவாரு. அனுப்பிட்டு, ஒண்ணும் தெரியாதவராட்டம் கெணத்தடியில வந்து அவன் பேரைக் கூப்பிடுவாரு. அவன் எப்படிப் பதில் சொல்லுவான், நீங்களே சொல்லுங்க?

ஒருநாள் தவசி, இனிமே உங்க தோட்டத்துக்கு வரமாட்டேன்னுட்டான். அவருக்குப் பொத்துக்கிட்டு வந்துச்சு கோவம். நேரா ராசாகிட்டப் போயி, இவன் வேலைக்கே வர்றதில்ல, ஊரைவிட்டு அனுப்புங்கன்னாரு.

தவசி நடந்ததைச் சொன்னான். யாரு நம்புவா? கணக்குப்பிள்ளை வந்து, தப்புன்னு ஒத்துக்க, வேலை கிடைக்கும்னாரு. மாட்டேன்னான். அப்புறம் ஊர்த்தலைவர் வந்து, கால்ல விழுந்துட்டுப் போயேன்டான்னாரு. மாட்டேன்னான். அப்புறம் ராசாவே, மன்னிப்புக் கேளு, விட்டுடறேன்னாரு.

"வராத நாளுக்கு மன்னிப்புக் கேக்கலாம் ராசா. மாடா உழைச்ச நாளுக்கு எப்படிக் கேக்குறது?"ன்னான் தவசி. பொண்டாட்டி புள்ளையோட எந்த ஊருக்குப் போவான்? ஆனாலும் அசையல.

உனக்குச் சாட்சி யாருன்னாரு ராசா. என் மாடுதான்னான். சபையே சிரிச்சுது. அவன் சிரிக்கல. "நாளைக்கு விடியமுன்ன என் மாட்டை அவுத்து விடுங்க. நான் ஓட்டமாட்டேன், பின்னாலதான் வருவேன். அது எங்க போகுதோ, அங்கதான் நான் போனேன்."

மறுநாள் மாட்டை அவுத்து விட்டாங்க. ராசா பின்னால நடக்குறாரு, பூவலிங்கமும் வேர்க்க வேர்க்க நடக்குறாரு. மாடு ரெண்டும் அரமனைத் தோட்டத்தைத் தாண்டுச்சு. அப்புறம் ஏரிக்கரையைத் தாண்டுச்சு. அப்புறம் அய்யனார் கோயிலைத் தாண்டுச்சு. நேரா பூவலிங்கத்தோட வாழைத்தோட்டத்துக்குள்ள போயி, கெணத்தடியில நொகத்தடி பூட்டக் கழுத்தைக் குனிச்சுக்கிட்டு நின்னுச்சு.

பூவலிங்கம் விடுவாரா? மேய வந்திருக்கும் ராசான்னு ஆரம்பிச்சாரு. அதுக்குள்ள அவரு பொண்டாட்டி மாட்டுமணிச் சத்தம் கேட்டுத் தோட்டத்து வீட்டுலேர்ந்து வெளிய வந்தா. அரையிருட்டு, ராசா நிக்கிறது அவளுக்குத் தெரியல.

"ஏன்டா தவசி, ரெண்டு நாளா எங்கடா போயித் தொலைஞ்சே? வாழையெல்லாம் காயுது. நீ வேலைக்கே வர்றதில்லன்னு எங்க வீட்டுக்காரருகிட்டச் சொல்லி உன்னை அனுப்பிடறேன் இரு!"

ராசா பூவலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தாரு. அவரு தலையைத் தொங்கப் போட்டுட்டாரு.

அன்னையிலேர்ந்து பூவலிங்கம்தான் அரமனைக் கெணத்துல கவலை ஓட்டுறாரு. விடியக்காலையில பேரைக் கூப்பிடுறது யாரு? தவசி. "பூவலிங்கம்"னு கூப்பிட்டா, "இருக்கேன்"னு சொல்லணும்.

அதனால, அடுத்தவன் உழைப்பைத் திருடிட்டு அவனையே சோம்பேறின்னு சொல்லக்கூடாது, ஆமா. வாழைக்குத் தண்ணி பாஞ்சாச்சு, மாடும் படுத்தாச்சு, நீங்களும் படுங்க.