வடமலை வடமலையை நீக்கிய கதை

கோணக்கரட்டில் எழுகதிர்க் கட்சிக்கு மொத்தம் ஒன்பது பேர். மூளையைக்கூட ஒற்றுமையாகத்தான் செலவழிப்பார்கள். ஒருத்தர் யோசிக்காவிட்டால் மற்றவர்களும் யோசிக்க மாட்டார்கள்.

அதில் வடமலைக்கு ஒரே ஆசை, கிளைச் செயலாளர் ஆகிவிட வேண்டும். இருபது வருஷம் போஸ்டர் ஒட்டி நகக்கண்ணெல்லாம் பசை ஏறிய மனுஷன். தேர்தலன்று கரைவேட்டி கட்டிக் கிளம்பும்போது மனைவி பூவாத்தா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "இன்னிக்குச் செயலாளருக்குத்தானுங்க சோறு. தொண்டனுக்கு ஆக்கிப் போட்டுப் போட்டு எனக்குச் சலிச்சுப் போச்சு."

வடமலைக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

கட்சி அலுவலகத்துக்கு மேலிடப் பார்வையாளர் வந்தார். நின்றபடியே பேசினார். "போன தடவை ஏகமனதுன்னு எழுதி அனுப்பிட்டீங்க, ஊரே சிரிச்சுது. நம்மளுது அடிமட்டத் தொண்டன் முடிவெடுக்கிற கட்சி. எதிர்த்து ஒரு கையாவது எழும்பணும். ஆனா ஒற்றுமையும் குலையக்கூடாது. எதிர்த்துக் கை தூக்கினவனைச் செயலாளர் அன்னிக்கே நீக்கிடணும்."

சொல்லிவிட்டு அடுத்த ஊருக்கு ஜீப் ஏறிவிட்டார்.

"செயலாளர் வடமலைதான், அதுல பேச்சே இல்லை," என்றார் மாட்டுத் தரகர் காளியண்ணன். "எதிர்க்கிறது யாரு?"



"கட்சிக்காக எதையும் இழக்கத் துணிஞ்சவன்தான் அதுக்குச் சரிப்படுவான்," என்றார் சைக்கிள் கடை மாரப்பன்.

எல்லோரும் வடமலையைப் பார்த்தார்கள். மேடைக்கு மேடை 'கட்சிக்காக உசிரையே கொடுப்பேன்' என்று முழங்கியவர் ஆயிற்றே! வடமலைக்கு நெஞ்சு நிறைந்துபோனது. ஒரே நாளில் இரண்டு பொறுப்பு வேறு யாருக்குக் கிடைக்கும்?

ஆதரவாக எட்டுக் கை எழும்பியது. எதிர்ப்பாக வடமலையின் கை. ஜனநாயகம் வந்துவிட்டது என்று மாரப்பன் மாலை போட்டார்.

செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்ததும் வடமலை அதட்டினார்: "என்னை எதிர்த்தது எவன்?"

காட்டினார்கள்.

"நீக்கறதுக்கு முன்னால விளக்கம் கேக்கோணுமல்லங்க?" என்றார் காளியண்ணன்.

வடமலை கேட்டார். தானே எழுந்து மேஜைக்கு எதிரே வந்து நின்று, "மனசாட்சிப்படி எதிர்த்தேன்," என்று பதிலும் சொன்னார். திரும்பப் போய் உட்கார்ந்தபோது அந்தத் திமிரான பதில் அவருக்கு நிஜமாகவே கோபத்தைக் கிளப்பிவிட்டது. "இந்த மாதிரி ஆளுகளாலதான் கட்சி உருப்படாமப் போகுது," என்று முணுமுணுத்துக்கொண்டே நீக்கல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். மறுபடி இந்தப் பக்கம் வந்து வாங்கிக்கொண்டு, தலையைத் தொங்கப் போட்டபடி வெளியே போனார்.

இப்போது நாற்காலி காலி. காளியண்ணனைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் மட்டும் தியாகத்தில் குறைந்தவரா? அவரும் தன்னை எதிர்த்து, தன்னை நீக்கி, வெளியே வடமலை நின்ற வேப்பமரத்தடிக்கு வந்து சேர்ந்தார். அவர் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் மாரப்பன் மட்டும் உள்ளே. ஆதரவாக வலது கையையும் எதிர்ப்பாக இடது கையையும் தூக்கினார். சரிக்குச் சரி ஆகிவிட்டது. சோற்றுக் கைக்கு மரியாதை உண்டே என்று வலதுக்கே வெற்றியைக் கொடுத்து, இடதுக்காகத் தன்னை நீக்கிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வந்தார்.

"உள்ளே இப்ப ஒரு எதிர்ப்புக்கூட இல்லை," என்றார். எல்லோருக்கும் பரம திருப்தி.

வடமலை பசியோடு வீட்டுக்குப் போனார். பூவாத்தா இலை போட்டாள்.

"செயலாளர் ஆயிட்டீங்களா?"

"ஆயிட்டேன்."

முகமெல்லாம் பூரிப்பாகச் சோற்றைப் போட்டுக் கறிக்குழம்பை ஊற்றினாள்.

"அப்புறம் என்னைக் கட்சியை விட்டே நீக்கிப்போட்டாங்க, பூவாத்தா."

"யாருங்க நீக்கினது?"

"செயலாளர்தான்."

"அப்ப இந்தச் சோறு அவருக்குங்க. எந்திரிங்க."

நியாயமான பேச்சு. வடமலை எழுந்து வாசற்படியில் போய் உட்கார்ந்து தெருவைப் பார்த்தார். செயலாளர் வந்து சாப்பிடட்டும். கொஞ்சம் கோபக்காரர்தான், ஆனாலும் நல்ல மனுஷன். தொண்டனுக்கு ஒரு கவளம் மிச்சம் வைக்காமலா போய்விடுவார்?