புகையில்லாத தெருவுக்குப் பரிவட்டம்

முன்னொரு காலத்தில் மஞ்சாற்றூரைத் தலைநகராகக் கொண்டு பூபாலகேது என்ற ராஜா ஒரு நாட்டை ஆண்டுவந்தார். மனுஷர் நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு யோசனை தோன்றினால் மத்தியானத்துக்குள் அது சட்டமாகிவிடும். யார் என்ன எடுத்துச் சொன்னாலும் அவருக்குக் காது வழியாக எதுவும் ஏறாது. வயிறு வழியாகத்தான் ஏறும். இந்த ரகசியம் மந்திரி நாகேசருக்கு மட்டும் தெரியும்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. காடெல்லாம் நனைந்து ஊரில் விறகுக்குப் பெரிய தட்டுப்பாடு. அரண்மனைக் கிடங்கில் மட்டும் காய்ந்த விறகு மலையாகக் கிடந்தது. அதை எல்லாத் தெருவுக்கும் பங்கிட்டுக் கொடுக்கலாம் என்றார் மந்திரி. ராஜாவும் தலையாட்டிவிட்டார். மந்திரி சொல்லி ராஜா தலையாட்டினால் தளவாய் மார்த்தாண்டருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. குறுக்கே புகுந்தார்.

"மகாராஜா, அள்ளிக் கொடுத்தால் அள்ளித்தான் எரிப்பார்கள். கோபுரத்தில் ஏறி நின்று பாருங்கள். எந்தத் தெருவில் புகை இல்லையோ அந்தத் தெருவுக்குத் திருவிழாவில் பரிவட்டம் கட்டுங்கள். எந்தத் தெருவில் புகை அதிகமோ அதற்கு விறகை நிறுத்துங்கள்."

பரிவட்டம் கட்டுவதென்றால் ராஜாவுக்குக் கொள்ளை ஆசை. அப்போதே அரண்மனைக் கோபுரத்தில் ஏறினார். தளவாய் குடியிருக்கும் மேலத்தெருவில் ஒரு கூரையிலும் புகையில்லை. கீழத்தெருவிலோ கல்தச்சன் மனைவி பேச்சியின் வீட்டிலிருந்து மட்டும் புகை திரண்டு திரண்டு வந்தது. மேலத்தெருவுக்குப் பரிவட்டம், கீழத்தெருவுக்கு விறகு இல்லை என்று அங்கே நின்றபடியே ஆணை போட்டார்.

மந்திரிக்கு உண்மை தெரியும். மழையில் ஆற்றங்கரைக் குடிசைகள் இடிந்து விழுந்தபோது, அங்கிருந்த அத்தனை பேரையும் அழைத்து வந்து வைத்துக்கொண்டது கீழத்தெருதான். தங்கள் வீட்டு அடுப்புகளை அணைத்துவிட்டு, பேச்சி வீட்டு அடுப்பு ஒன்றிலேயே எல்லாருக்கும் சேர்த்துச் சமைத்தார்கள். விறகு நின்றால் அத்தனை பிள்ளைகளும் பட்டினி. இதை அவர் சொல்லிப் பார்த்தார். "புகை பொய் சொல்லுமா மந்திரியாரே?" என்று கேட்டுவிட்டு ராஜா படியிறங்கிப் போய்விட்டார்.

மந்திரி பின்னாலேயே போய்ப் பணிவாகச் சொன்னார்.

"தங்கள் சித்தம், மகாராஜா. சிக்கனத்துக்கு விழா எடுக்கிறோம். அன்று ஒரு நாள் அரண்மனை மடைப்பள்ளி அடுப்பையும் அணைத்துவிட்டால் ஊரே தங்களைப் புகழும். தங்களுக்குச் சாப்பாட்டுக் கவலை ஏது? பரிவட்டம் கட்டிக்கொண்டவர் வீட்டில் ராஜா சாப்பிடுவதுதானே நம் வழக்கம்?"

ராஜாவுக்கு வாயெல்லாம் பல். தளவாயின் முகம் மட்டும் செத்துவிட்டது. ஆனால் என்ன சொல்லி மறுப்பார்?

திருவிழா வந்தது. மேளதாளத்தோடு, மேலத்தெருவின் சார்பாகத் தளவாய் தலையில் பட்டுப் பரிவட்டம் ஏறியது. ராஜா அவர் வீட்டுக் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இலை வந்தது. தண்ணீர் வந்தது. அப்புறம் எதுவும் வரவில்லை. இலை வாடத் தொடங்கியதும் ராஜா பொறுக்க மாட்டாமல் எழுந்து நேரே சமையலறைக்குள் நுழைந்தார். மந்திரியும் கூடவே போனார்.

அங்கே அடுப்புக்குள் ஒரு பூனை குட்டி போட்டுப் படுத்திருந்தது. அதைக் கிளப்பப் போய்க் கையெல்லாம் பிறாண்டல் வாங்கிய தளவாய், ஒரு மூலையில் செங்கல்லை அடுக்கி வைத்துக்கொண்டு ஊதுகுழலைத் தலைகீழாகப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தார். தலையில் பரிவட்டம் அப்படியே இருந்தது.

"கோபுரத்திலிருந்து பார்க்கும்போது இந்த வீட்டு அடுப்பு ரொம்பச் சிக்கனமாகத்தான் தெரிந்தது, மகாராஜா" என்றார் மந்திரி.

தினமும் சாப்பாட்டுக்கு என்னதான் செய்கிறீர் என்று ராஜா அதட்டினார். மேலத்தெரு முழுக்க மூன்று வேளையும் மடைப்பள்ளிச் சோறுதான் போகிறது என்று தளவாய் ஒப்புக்கொண்டார். மேலத்தெருவின் புகையெல்லாம் இத்தனை நாளும் அரண்மனைக் கூரை வழியாகத்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது. கோபுரத்தில் நின்ற ராஜா முன்னால் பார்த்தாரே தவிர, தம் காலடியில் கிளம்பிய புகையைப் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் காற்றில் கொள்ளு ரசம் மணத்தது. ராஜா மூக்கு போன வழியே நடந்தார். அது கீழத்தெருவில் பேச்சி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. உள்ளே ஒரு கொடியடுப்பு. ஒரு வாயில் எரியும் தீ பக்கத்துக் குழிகளுக்கும் தாவி, ஒரே விறகில் மூன்று பானைகள் கொதித்துக்கொண்டிருந்தன. சுற்றிலும் பிள்ளைகள் இலை போட்டுக் காத்திருந்தார்கள்.

பேச்சி பயப்படவில்லை. கரண்டியும் கையுமாக நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க விறகத்தான் நிறுத்துனீங்க சாமி, பசி நிக்கலையே. அதான் எங்க வீட்டுக் கதவ உடைச்சு எரிக்கோம். நனைஞ்ச பலகை, புகை கொஞ்சம் வரத்தான் செய்யும். உக்காருங்க, ரசம் சூடா இருக்கு."

ராஜா பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார், கூடவே வந்த மந்திரிக்கும் ஒரு இலை விழுந்தது. கண் கலங்கியது. புகைதான் காரணம் என்று சொல்லிக்கொள்ள அவருக்கே வெட்கமாக இருந்தது. தளவாயைக் கூப்பிட்டு அந்தப் பரிவட்டத்தைக் கழற்றச் சொல்லி, பேச்சியின் தலையில் கட்டப் போனார். அவள் விலகிக்கொண்டாள். தெருவே சேர்ந்து பொங்குகிற சோற்றுக்கு ஒரு தலையில் மட்டும் கட்டினால் எப்படி என்று கேட்டாள். ராஜா எல்லாருக்கும் சோறு வெந்த அந்தப் பெரிய பானையின் கழுத்தில் பரிவட்டத்தைக் கட்டினார். தெருவே ஆரவாரித்தது.

அன்று சாயங்காலமே கிடங்கு திறந்தது. எல்லாத் தெருவுக்கும் காய்ந்த விறகு போனது. வீட்டுக்கு வீடு அரண்மனைச் செலவில் கொடியடுப்பு போட வேண்டும் என்றும், பேச்சி வீட்டுக்குத் தேக்கில் கதவு செய்ய வேண்டும் என்றும் ஆணை பிறந்தது. மந்திரிக்கு என்ன வேண்டும் என்று ராஜா பந்தியிலேயே கேட்டார். இன்னொரு அகப்பை ரசம் போதும் என்று அவர் இலையை நகர்த்தினார்.

மேலத்தெருவுக்குப் போன மடைப்பள்ளிச் சோறு அன்றோடு நின்றது. தளவாய் பேச்சியிடம் மண் குழைக்கக் கற்று, வீடு வீடாக அடுப்புப் போட்டார். முதல் சில அடுப்புகள் கோணிக்கொண்டன, பிறகு கை படிந்துவிட்டது. தம் வீட்டு அடுப்பை மூட்டி முதல் சோறு வடித்த நாளில் ராஜாவையே கூப்பிட்டு விருந்து வைத்தார்.

பூனைக்குத்தான் குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறு வீடு தேட வேண்டியதாயிற்று. பாவம், ஊர் முழுக்க அலைந்தும் அதற்கு ஒரு அணைந்த அடுப்பு கிடைக்கவில்லை.