புகையன் வந்த கோடை

கதவைத் தட்டாமல் கரடி உள்ளே வந்தது. களி கிண்டிக்கொண்டிருந்த பாவாயி துடுப்பை ஓங்கினாள்.

"அடிக்காதே தாயீ," என்றது கரடி. "மூக்கெல்லாம் வெந்து கிடக்கு. கொஞ்சம் மோர் ஊத்து."

பாவாயி ஊற்றினாள். அப்போதெல்லாம் மிருகங்கள் பேசும், ஆனால் அவசரம் என்றால்தான் பேசும். எந்த ராஜாவும் மரங்களை எண்ணிப் பார்க்காமல் விட்டுவைத்திருந்த காலம். தேன்வரை என்ற அந்த மலையில் சித்திரை மாதத்திலும் சாயங்காலமானால் போர்வை தேட வேண்டும். கோரைப்புல் காயும் வாசனையும் பலாப்பழ வாசனையும் கலந்து வரும். அந்தக் குளிர் இப்போது எந்த மலையிலும் இல்லை.

கரடி மோரைக் குடித்துவிட்டுச் சொன்னது: "பக்கத்து மலையில தீ. தீயைப் பார்த்தா யாரும் ஓடிருவாங்க. ஆனா அதுக்கு முன்னால ஒருத்தன் வர்றான். புகையன்."

புகையன் மந்திரவாதி. தீக்கு முன்னால் புகையாக ஊருக்குள் நுழைவான். அவரவர் வீட்டில் அவரவருக்குப் பிடித்த பழைய நாளை விரித்துக் காட்டுவான். செத்துப்போன அப்பா வெற்றிலை மென்றுகொண்டிருப்பார். வளர்ந்துவிட்ட பிள்ளை தூளியில் கிடக்கும். பார்த்தவர்கள் சிரித்தபடி நிற்பார்கள். தீ வரும்வரை நிற்பார்கள்.

"அங்க மொத்த ஊரும் கரியா நிக்குது தாயீ. சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கு."

பாவாயி அடுப்பை அணைத்துவிட்டு ஊர்த்தலைவர் சடையனிடம் போனாள். புருஷன் பொன்னான் செத்த பிறகு அவள் யார் வீட்டுக்கும் போனதில்லை. அதனால் சடையன் எழுந்தே நின்றுவிட்டார்.

"தீ வந்தா கொம்பு ஊதறேன். எல்லாரும் ஆத்து மணலுக்கு இறங்கிரலாம். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"வந்தப்புறம் யோசிக்க முடியாதுங்க மாமா. இப்பவே ஒருதரம் இறங்கிப் பார்ப்போம்."

முதல்முறை கொம்பு ஊதினார்கள். ஊர் ஓடியது. பாதி வழியில் ஒருத்திக்குக் குத்துவிளக்கு நினைவு வந்தது, ஒருவனுக்கு அரிவாள். திரும்பினார்கள். தேன்வரையில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே கிளம்பியவர் எதையாவது மறந்து திரும்பி வந்தால், அப்படியே மறுபடி போகக் கூடாது. வீட்டில் சற்று உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். ஊரில் பாதிப் பேர் வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆற்று மணலில் காத்திருந்த கரடி, "நாய்ங்க எல்லாம் தப்பிச்சிருச்சு," என்றது.

இரண்டாம்முறைக்குள் பாதையில் கிடந்த சருகைக் கூட்டினார்கள். நடக்க முடியாதவரை யார் தூக்குவது என்று பேசிவைத்தார்கள். வயல் பக்கம் வெட்டவெளியாகப் போகும் சுற்றுப்பாதையை மாடுகளுக்கு விட்டார்கள். கொம்பு ஊதினார்கள். அப்போதும் திரும்பிப் போனார்கள்.

"தண்ணி குடிக்காமப் போனா என்ன ஆயிரும்?" என்று கத்தினார் சடையன்.

"நீங்க ஏன் குடிச்சீங்க?" என்று கேட்டாள் பாவாயி.

சடையன் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

பாவாயி யோசித்தாள். புகையன் அவரவர் வீட்டில்தானே காட்டுகிறான்? எதிர்வீட்டில் நமக்குக் காட்ட அவனிடம் என்ன இருக்கும்?

"கொம்பு ஊதினா யாரும் தன் வீட்டுக்குள்ள போகக் கூடாது," என்றாள். "எதிர்வீட்டை நாம கிளப்பணும். நம்ம வீட்டை எதிர்வீட்டுக்காரங்க கிளப்புவாங்க."

மூன்றாம்முறை ஊரே இறங்கியது, கூச்சலோடு இறங்கியது.

"காணாமப் போன என் அண்டா உன் பரண்ல என்னடி பண்ணுது?"

"அது வேற அண்டா."

"என் பேரு போட்டிருக்கு."

"வேற யாருக்கும் அந்தப் பேரு இருக்கக் கூடாதா?"

எல்லாம் சரியாக நடந்தது, ஒரு வீட்டைத் தவிர. பாவாயிக்கு எதிர்வீடு அங்காயி. அங்காயியின் கன்று பாவாயி காயவைத்த சாமையை ஒருநாள் தின்றுவிட்டது. அன்றிலிருந்து இருவரும் நேராகப் பேசுவதில்லை. எது சொல்வதானாலும் தெருவில் மேயும் கோழியிடம் சொல்வார்கள்.

"கோழி, அந்த மகராசிகிட்டச் சொல்லு," என்றாள் அங்காயி. "அவ நடையில என் கால் படாது."

"படவேண்டாம்னு சொல்லு. ஆடு ஒண்ணு இருக்கு, அதை அவுத்துவிட்டாப் போதும்னு சொல்லு."

கோழி இரண்டையும் கேட்டுவிட்டு மண்ணைக் கிளறியது. அன்று பாவாயி, அங்காயியின் மாமியாரை முதுகில் சுமந்து இறங்கினாள். அங்காயி வெறுங்கையோடு வந்தாள். பாவாயியின் ஆடு கொட்டிலிலேயே நின்றது.

நிஜமாகத் தீ வந்த நாள் உச்சிவெயில். மூங்கில் வெடிக்கிற சத்தம் முதலில் கேட்டது. கொம்பு ஒலித்தது. தெருவுக்குக் குறுக்கே எல்லோரும் எதிரும் புதிருமாக ஓடினார்கள். பிள்ளைகள், மாடுகள், மூட்டைகள், அந்த அண்டா எல்லாம் ஆற்று மணலுக்கு வந்து சேர்ந்தன.

பாவாயி கிழவியை இறக்கி உட்காரவைத்தாள். ஆட்டு மந்தையைப் பார்த்தாள். தன் ஆடு இல்லை. அங்காயியும் இல்லை. எங்கோ ஒதுங்கி நின்று வேடிக்கை பார்ப்பாள் என்று நினைத்தாள். பொன்னான் போன பிறகு அந்த வீட்டில் அவளோடு மூச்சுவிட்டது அந்த ஆடு ஒன்றுதான். யாரிடமும் சொல்லாமல் மேலே ஏறினாள்.

கொட்டிலில் கயிறு அறுபட்டுக் கிடந்தது. ஆடு இல்லை. அப்படியே ஓடியிருக்கலாம். ஆனால் திரும்பி வந்துவிட்டாளே. கால் தானாக உள்ளே போனது, உட்கார்ந்தாள், பானையில் தண்ணீர் மொண்டு ஒரு வாய் குடித்தாள். புகை வந்தது.

பொன்னான் எதிரே உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்தான். அதே காவித்துண்டு. வெளியே பழைய மழை பெய்தது.

"நல்லா இருக்கு பாவாயி," என்றான். சிரித்தான்.

பாவாயி சிரித்தாள்.

கீழே, சுற்றுப்பாதையில் ஆட்டை இழுத்துக்கொண்டு அங்காயி வந்து சேர்ந்தாள். நேர்வழியில் வர மாட்டேன் என்று அது அடம்பிடித்திருந்தது.

"இந்தா, அவ ஆடு. எங்கே அவ?"

"ஆட்டைத் தேடித்தான் மேலே போனா," என்றாள் மாமியார்.

பக்கத்தில் கோழி இல்லை. அங்காயி நேராகவே திட்டிக்கொண்டு மேலே ஓடினாள்.

பாவாயி வீட்டு நடையைத் தாண்டியதும் புகையன் அவளையும் பிடித்தான். எதிர்வீட்டில் ஒன்றும் இருக்காது என்று பாவாயி போட்ட கணக்கு அங்கே தப்பிப்போனது. அந்த முற்றத்தில் இரண்டு இளம்பெண்கள் ஒரே உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பாவாயி, ஒருத்தி அங்காயி. உலக்கைகள் மாறிமாறி விழுந்தன. இருவரும் மெல்லச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அங்காயியின் கால் நின்றது. வாயோரம் இளகியது. எத்தனை காலமாயிற்று.

குத்தினார்கள், சிரித்தார்கள். குத்தினார்கள், சிரித்தார்கள். அங்காயி முகத்தைச் சுருக்கினாள்.

"பொய்யி!" என்று கத்தினாள். "சண்டை போடாம என்னைக்கு நாம சாமை குத்தினோம்? என் விரலை நசுக்கினியே, அது எங்கே? உன் பல்லு மேல இடிச்சேனே, அது எங்கே?"

உரல் கலைந்தது. அங்காயி உள்ளே பாய்ந்து பாவாயியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எந்திரிடி!"

"சத்தம் போடாதே. அவர் சாப்பிடறார். நல்லா இருக்குங்கறார்."

"உன் களியை நல்லா இருக்குன்னு பொன்னான் என்னைக்குடி சொன்னான்?"

பாவாயி எதிரே பார்த்தாள். பொன்னான் முதல் கவளத்திலேயே முகத்தைச் சுளிப்பான். உப்பில்லை என்பான், இல்லாவிட்டால் உப்பு அதிகம் என்பான். திட்டிக்கொண்டே சட்டியைக் காலிசெய்வான். உறங்கும்போது கூரை அதிரும்.

"உப்பு சரியா இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எல்லாம் சரியா இருக்கு," என்றது அது.

பாவாயிக்கு அழுகை வந்தது. அவன் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. அழுதுகொண்டே எழுந்தாள். அவ்வளவுதான். பழைய துணி கிழிவதுபோல் புகை கிழிந்தது. அதற்குள்ளே யாரும் இல்லை. கூரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. எரிகிற ஓலை ஒன்று அங்காயியின் தலையில் விழுந்தது. இருவரும் கையைக் கோத்துக்கொண்டு சரிவில் உருண்டார்கள், ஓடினார்கள், மறுபடி உருண்டார்கள்.

தேன்வரையில் ஒரு வீடும் மிஞ்சவில்லை. ஒரு உயிரும் போகவில்லை. மறுநாள் மழை பெய்தது. கரடி நனைந்தபடி வந்து சொன்னது: பக்கத்து மலையில் கரியாக நின்றவர்கள் எல்லோரும் மழை பட்டதும் உயிர் வந்து தும்மினார்களாம், உடனே வாய்க்கால் தகராறை விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிட்டார்களாம். செய்தி கேட்ட ராஜா மூங்கிலும் வரகும் வண்டி வண்டியாக அனுப்பினார்.

மழை விட்டதும் ஊரே ஆற்று மணலில் உட்கார்ந்து, எரிந்துபோன வீடுகளைப் பற்றிப் பேசியது. ஒழுகின கூரை, இடிக்கும் நிலைப்படி, இழுத்தால் திறக்காத கதவு. சடையன் ஒரு குச்சியால் புதுத் தெருவைக் கீறினார். யாருக்கு எதிரே யார் என்று கூச்சல் கிளம்பியது. அண்டாக்காரிகள் இருவரும் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

பாவாயி நகர்ந்து அங்காயியின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவள் கொண்டையை அவிழ்த்து, கருகிப்போன முடியை ஒவ்வொன்றாக விரலால் பிரித்து எடுக்கத் தொடங்கினாள்.