இடது காதில் சிலம்பொலி

நல்லபெருமாள் அண்ணாச்சி அன்றைக்கு வாயெல்லாம் பல்லாக மடத்துக்குள் நுழைந்தார். சர்வேயர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தென்காசிப் பக்கத்து அந்த மடத்தில் தியானம் சொல்லித் தருபவர் சங்கரவடிவு அம்மா. அண்ணாச்சியைவிட வயதில் ரொம்ப இளையவர். ஆனாலும் அம்மாவின் காலில் விழுந்து எழாமல் அண்ணாச்சி உட்கார மாட்டார்.

"சிலம்பொலி வந்துட்டும்மா" என்றார்.

தியானம் கனிந்தவர்களுக்கு உள்ளுக்குள்ளே சிலம்பு ஒலிக்கும் என்பது அந்த மடத்தில் எல்லோரும் நம்பியிருந்த சங்கதி. அதற்காக வருஷக்கணக்கில் முதுகு ஒடிய உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. இவருக்கோ இரவும் பகலும் நிற்காமல் ஒலிக்கிறதாம். பக்கத்தில் இருந்தவர்களுக்கு வயிறு எரிந்தது.

இனி வீடு எதற்கு? பௌர்ணமிக்குக் காவி கட்டிக்கொண்டு மடத்தோடு வந்துவிடப் போவதாக மனைவி இசக்கியம்மாளிடம் சொல்லிவிட்டாராம். அவள் என்ன சொன்னாள் என்று அம்மா கேட்டார். ஏதோ சொன்னாள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றார் அண்ணாச்சி.

அம்மா அவர் காதுகளைப் பார்த்தார்.

"எந்தக் காதுல?"

பெரிதாக எதையோ எதிர்பார்த்த மனிதருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இடது காதில் என்றார். காது அடைத்த மாதிரி இருக்கிறதா, தன் பேச்சு தனக்கே பானைக்குள் பேசுகிற மாதிரி கேட்கிறதா, சளி பிடித்திருந்ததா என்று அம்மா அடுக்கினார். எல்லாவற்றுக்கும் ஆமாம்தான். சாரல் காலத்தில் விடியுமுன் அருவியில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு தியானத்தில் உட்கார்ந்த மகானுக்குச் சளி பிடிக்காமல் என்ன செய்யும்?

"காது டாக்டரைப் பார்த்துட்டு வாங்க, அண்ணாச்சி."

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. வந்த நாதத்தை மருந்து ஊற்றிக் கரைக்கச் சொல்லும் குருவும் உண்டா என்று உள்ளுக்குள் பொருமினார். ஆனாலும் சொல்லைத் தட்ட முடியுமா? போனார்.

டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். மூக்கின் பின்பக்கத்திலிருந்து காதுக்கு ஒரு சின்னக் குழாய் போகிறது, சளியில் அது அடைத்துக்கொண்டதால்தான் இந்த இரைச்சல் என்று விளக்கினார். மருந்து எழுதிக் கொடுத்து, அடிக்கடி எச்சில் விழுங்கவும் சொன்னார். ஒருநாள் காலையில் அண்ணாச்சி கொட்டாவி விடும்போது காதுக்குள் டப்பென்று ஏதோ திறந்தது. சிலம்பு நின்றுவிட்டது.

துக்க வீட்டிலிருந்து வருகிறவர் போல மடத்துக்கு வந்தார். பேச ஆரம்பிக்கும் முன்பே கண் கலங்கிவிட்டது.

"போயிட்டும்மா. இத்தனை வருஷத்துல எனக்குக் கிடைச்சது அது ஒண்ணுதான். அதுவும் சளியாப் போச்சே. இனி எனக்கு நாதம் கேக்குமா, கேக்காதா? அதை மட்டும் சொல்லுங்க."

அம்மா தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

"காது திறந்ததும் முதல்ல என்ன கேட்டுது?"

அண்ணாச்சி தலை குனிந்தார்.

"அடுப்படியில இசக்கி அழுதுக்கிட்டிருந்தா."

"எத்தனை நாளா அழுதுக்கிட்டிருந்தாங்களாம்?"

அண்ணாச்சிக்குத் தெரியவில்லை.