இரண்டு பந்தல்

"டீச்சர், இனிமே அவங்களோட ஒரே பந்தல்ல உட்கார முடியாது," என்றார் அய்யாதுரை.

தலை நரைத்த செங்கொடிச் சங்கச் செயலாளர் அவர். ஜெசிந்தா அவருக்கு மகள் வயது. ஆனாலும் அவள் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்தில் அவர்தான் முன்வரிசை மாணவர்.

"அதான் தனிப் பந்தல் போட்டாச்சே," என்றாள் ஜெசிந்தா.

நகராட்சி அலுவலகத்துக்குப் போகும் சாலையில் இந்தப் பக்கம் செங்கொடிப் பந்தல். அந்தப் பக்கம் நீலக்கொடிப் பந்தல். இரண்டிலும் கோரிக்கை ஒன்றுதான்: வேலையை விட்டு நிறுத்திய தூய்மைப் பணியாளர்களைத் திரும்பச் சேர்க்க வேண்டும். விடிந்தால் அந்த வேலை ஒப்பந்தக்காரர் கைக்குப் போய்விடும்.

"அந்தப் பையன் சித்தார்த்தன் மைக்லயே கேக்குறான் டீச்சர். 'உங்க சங்கத்துல குப்பை அள்ளுற எங்க ஆளு ஒருத்தராவது தலைவரா வந்திருக்காங்களா'ன்னு."

"வந்திருக்காங்களா?"

"அதைப் பேசுற நேரமா இது?"

"நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"சவுண்டைக் கூட்டி வைக்கச் சொன்னேன்."

ஜெசிந்தா எழுந்தாள். "வாங்க, கொஞ்சம் நடந்துட்டு வருவோம்."

நேராக நகராட்சி அலுவலகத்துக்குள் நுழைந்து மாடியேறினாள். ஆணையர் அறைக்கு வெளியே, மனு கொடுக்க வருகிறவர்களுக்கான பெஞ்சில் அவரை உட்கார வைத்தாள்.

"கேளுங்க."

அய்யாதுரை கேட்டார். தன் ஆட்களின் குரல். எதிர்ப் பந்தலின் குரல். ஒன்றின் மேல் ஒன்று ஏறி வெறும் இரைச்சலாக வந்தது. ஒரு சொல் பிடிபடவில்லை.

வாசலில் நின்ற பியூன் அவரை அடையாளம் கண்டுகொண்டார். "என்ன தோழரே, உங்க சண்டை இன்னும் ஓயலையா?"

"எங்க சண்டையா? ஆணையர் என்ன சொல்றார்?"

"அவங்களுக்குள்ள முடிச்சுட்டு வரட்டும்னு சொல்லிட்டார். இப்ப நல்ல தூக்கம்."

அய்யாதுரை எழுந்து ஜன்னல் கம்பி வழியாகக் கீழே பார்த்தார்.

இரண்டு பந்தல்களின் கூம்பு ஒலிபெருக்கிகளும் மூக்கோடு மூக்கு வைத்ததுபோல ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. வேலை போன பெண்களில் பாதிப் பேர் எந்தப் பந்தலிலும் இல்லை. அவர்களில் ஒருத்தியான மாரித்தாய் நடுச்சாலை மரத்தடியில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவர் திரும்பி ஜெசிந்தாவைப் பார்த்தார்.

படியிறங்கிப் போய் ஏணி கேட்டார். தன் பந்தல் ஒலிபெருக்கியை நோக்கி அவரே ஏறினார்.

எதிர்ப் பந்தல் மைக்கில் சித்தார்த்தன் கேலி செய்தான். "என்ன பெரியவரே, இன்னும் பக்கத்துல கொண்டுவந்து காதுக்குள்ளேயே வைக்கப் போறீங்களா?"

அந்தப் பந்தலே சிரித்தது.

"தம்பி," என்று ஏணியிலிருந்தே குரல் கொடுத்தார். "நீ கேட்டியே, யாராவது தலைவரா வந்திருக்காங்களான்னு. இல்லப்பா. ஒருத்தர்கூட வந்ததில்ல."

எதிர் மைக் நின்றது.

"தப்புதான். அதை நாளைக்கு எங்க சங்கத்துலயே வந்து கேளு, நானும் கூட நின்னு கேக்குறேன். இப்ப இதைத் திருப்பணும். கம்பி துருப்பிடிச்சுக் கிடக்கு, ஒத்தையா முடியல."

சித்தார்த்தன் மைக்கைக் கீழே வைத்தான். பிறகு சாலையைக் கடந்து வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

"எந்தப் பக்கம் திருப்பணும்?"

அய்யாதுரை மோவாயால் அலுவலகத்தைக் காட்டினார்.

"எங்களோடதையும் திருப்பிடலாம்," என்றான் சித்தார்த்தன். சற்று யோசித்துவிட்டுக் கேட்டான்: "சரி, முதல்ல யாரு பேசுறது? நீங்களா, நாங்களா?"

அய்யாதுரை வாயைத் திறந்தார்.

"ரெண்டு பேரும் தள்ளுங்க," என்று மரத்தடியிலிருந்து எழுந்து வந்து மைக்கை எடுத்துக்கொண்டாள் மாரித்தாய்.